பகையின் வாயிலிருந்து ஒரு காதற்பாட்டு

சினிமாவிலிருந்து மெட்டை எடுத்து வேறொரு பாட்டைக் கட்டுவது நமக்குப் புதிய செய்தியல்ல. பக்திப் பாடல்களும், கல்யாண வீட்டுப் பாடல்களும், தேர்தல் மேடைப் பாடல்களும் இவ்வாறு பிறந்திருக்கின்றன. மெட்டு ஊர்விட்டு ஊர் போகும். புதிய சொற்களை உடுத்திக்கொள்ளும். கேட்பவரும் அதைக் குற்றமாக எடுப்பதில்லை.

ஆனால் மெட்டு அங்கேயே நிற்க, சொல் மட்டும் படத்திலிருந்து இறங்கி வந்து பாட்டான கதை சற்று அபூர்வமானது. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்திலே 1956ஆம் ஆண்டு அப்படியொன்று நடந்தது. ஒரு கௌபோய் படத்தின் கதாநாயகன் அலட்சியமாக உதிர்த்த சின்னஞ்சிறு வாசகம், மறு வருடம் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் முதலிடம் பெற்ற பாட்டாகியது. 'தட்ல் பீ த டே' என்பது அதன் பெயர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அதன் குணம் வராது. "அது நடந்த மாதிரித்தான்!" என்று நாம் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சொல்வோமே, அதுதான் அதன் பொருள்.

ரொக் அன்ட் ரோல் இசையின் வரலாற்றை எழுதுபவர்கள் எல்லோரும் இச்சம்பவத்தை ஒரு சுவையான துணுக்காகக் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்தச் சொல் யார் வாயிலிருந்து, எந்த மண்ணின் கதையிலிருந்து வந்தது என்று சற்று நின்று பார்த்தால், துணுக்குக்குள் ஒரு வரலாறே மடிந்து கிடப்பது தெரியவரும்.

*

அந்தப் படம் 'த சேர்ச்சர்ஸ்', தேடுபவர்கள் என்று சொல்லலாம். 1956 மே மாதத்தில் வெளிவந்தது. ஜோன் போர்ட் இயக்க, ஜோன் வெய்ன் நடித்தார். அலன் லி மே என்பவர் 1954இல் எழுதிய நாவலே அதன் மூலம்.

கதை 1868இல் டெக்ஸாஸில் தொடங்குகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென்பகுதிப் படையிலே போரிட்ட ஈதன் எட்வேர்ட்ஸ், போர் முடிந்து மூன்று வருடங்களின் பின் தம்பியின் வீட்டுக்குத் திரும்புகின்றான். சில நாட்களுக்குள் கொமாஞ்சி இனத்தவர் அந்த வீட்டைத் தாக்குகின்றனர். தம்பியின் குடும்பம் அழிகிறது. சிறுமி டெபி கொண்டுசெல்லப்படுகிறாள். அவளைத் தேடி ஈதன் புறப்படுகின்றான். கூடவே மார்ட்டின் என்ற வாலிபன். அந்தக் குடும்பம் எடுத்து வளர்த்த பிள்ளை அவன். அவன் உடம்பில் எட்டில் ஒரு பங்கு செரோக்கி இரத்தம் ஓடுகிறது என்பதற்காகவே ஈதனுக்கு அவனைப் பிடிக்காது.

தேடல் ஐந்து வருடங்களுக்கு மேல் நீள்கிறது. நாட்கள் போகப் போகத் தேடலின் நோக்கமே மாறிவிடுகிறது. வளர்ந்த டெபி கொமாஞ்சித் தலைவனின் மனைவியருள் ஒருத்தியாகிவிட்டாள் என்று அறிந்த ஈதன், அவளைக் காப்பாற்றவல்ல, கொல்லவே தேடுகின்றான். கலப்பை விட மரணம் மேல் என்பது அவனுடைய கணக்கு. இறந்துபோன ஒரு கொமாஞ்சியின் கண்களைச் சுட்டுச் சிதைக்கிற காட்சியொன்றும் படத்தில் உண்டு. கண்ணில்லாதவனுக்கு ஆவியுலகில் இடமில்லை, காற்றுகளுக்கிடையே அலைவான் என்பது கொமாஞ்சியரின் நம்பிக்கை என்று சொல்லிக்கொண்டே அவன் சுடுகிறான். அவர்களது நம்பிக்கை அவனுக்குத் தெரியும். அந்த அறிவையும் பகைக்கே பயன்படுத்துகின்றான்.

இந்த மனிதனின் வாயில் அடிக்கடி வரும் வாசகமே மேலே சொன்னது. தேடலைக் கைவிடப் போகிறாயா என்று கேட்டாலும் அதுதான் பதில். டெபியைக் கொல்லத் துணிந்தவனைப் பார்த்து, நீ செத்துப் போக வேண்டும் என்று மார்ட்டின் ஆத்திரத்தோடு சொல்லும்போதும் அதுதான் பதில். எதனாலும் அசையாத ஒரு கல்மனத்தின் முத்திரை அது.

முடிவில் ஈதன் டெபியைக் கொல்லவில்லை. துரத்திச் சென்று பிடித்தவன் அவளைத் தூக்கிக் கையிலேந்தி, வீட்டுக்குப் போவோம் என்கின்றான். மூலநாவலில் இவ்வாறில்லை. அங்கே அவனுக்கு ஏமொஸ் என்று பெயர். டெபியென்று எண்ணி நெருங்கிய வேறொரு பெண்ணின் கையாலேயே அவன் இறக்கின்றான். போர்ட் அவனை வாழவைத்தார், ஆனால் வீட்டுக்குள் விடவில்லை. எல்லோரும் உள்ளே போன பிறகு அவன் மட்டும் வாசலுக்கு வெளியே நிற்க, கதவு மூடப்படுவதுடன் படம் முடிகிறது. இந்தக் கடைசிக் காட்சி உலகத் திரைப்பட வரலாற்றில் மிகவும் பேசப்பட்ட காட்சிகளுள் ஒன்று.

வெளிவந்த வருடத்தில் இப்படத்துக்கு ஒஸ்கார் விருதுக்கான ஒரு பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை. 1989இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேசியத் திரைப்படப் பதிவேட்டைத் தொடங்கியபோது, முதல் வருடத் தெரிவிலேயே இதுவும் இடம்பெற்றது. 2008இல் அமெரிக்கத் திரைப்பட நிறுவகம் கௌபோய் படங்களுள் தலைசிறந்தது இதுவே என அறிவித்தது. இனவெறியைக் கண்டிக்கும் படமா, அல்லது கண்டிப்பதுபோலக் காட்டிக்கொண்டு அதையே ரசிக்கவைக்கும் படமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. இரண்டு தரப்பினருக்கும் படத்துக்குள்ளேயே சான்றுகள் இருக்கின்றன. கொமாஞ்சித் தலைவன் ஸ்கார், தன் பிள்ளைகள் இருவரை வெள்ளையர்கள் கொன்றார்கள் என்று சொல்ல ஒரு கணம் இடம் தரப்படுகிறது. ஆனால் அவனாக நடித்தவர் ஜேர்மனியில் பிறந்த ஹென்றி பிரண்டன். ஏனைய கொமாஞ்சிகளாக வந்தவர்கள் நவஹோ மக்கள். கதை டெக்ஸாஸில் நடப்பதாகச் சொல்லப்பட்டாலும், படம் எடுக்கப்பட்டது யூட்டா, அரிசோனா எல்லையில் நவஹோக்களின் நிலமான மொனியுமென்ட் பள்ளத்தாக்கிலாகும். ஓரினத்தின் கதைக்கு இன்னோரினத்தின் முகமும் நிலமும் பயன்பட்டன.

*

இக்கதைக்குப் பின்னால் நிஜமானதொரு சம்பவமும் உண்டு. 1836இல் டெக்ஸாஸின் பாக்கர் கோட்டை தாக்கப்பட்டபோது சிந்தியா ஆன் பாக்கர் என்ற ஒன்பது வயதளவான சிறுமி கொண்டுசெல்லப்பட்டாள். அவளுடைய பெரிய தகப்பன் ஜேம்ஸ் பாக்கர் வருடக்கணக்கில் தேடியலைந்தார். அவளோ கொமாஞ்சிகளுடன் இருபத்துநான்கு ஆண்டுகள் வாழ்ந்தாள். அவர்களுள் ஒருவரை மணந்து பிள்ளைகளைப் பெற்றாள். 1860 டிசம்பரில் டெக்ஸாஸ் படையினர் அவளை 'மீட்டார்கள்'. மீட்கப்பட்டவளுக்கோ அது இரண்டாவது கடத்தலாகவே இருந்தது. தன் கணவரின் மக்களிடம் திரும்பிப் போகப் பலமுறை முயன்றாள். விடவில்லை. மனமுடைந்தே இறந்தாள். படத்தின் டெபி முடிவில் வெள்ளையர் வீட்டு வாசலுக்குள் நுழைவதோடு கதை முடிகிறது. நிஜமான டெபியின் துயரம் அந்த வாசலுக்குள்ளேதான் தொடங்கியது.

சிந்தியாவின் மகன் குவானா பாக்கர். கொமாஞ்சிகளின் குவஹாடிப் பிரிவினர்க்குத் தலைமை தாங்கிய அவர், 1875இல் மிகுதியாயிருந்த தம் மக்களுடன் சரணடைந்தார். அதற்கு முதல் வருடம், செப்டெம்பர் 28ஆம் திகதி, கேணல் ரனல்ட் மெக்கென்ஸியின் படை பாலோ டூரோ பள்ளத்தாக்கில் அவர்களுடைய முகாம்களைத் தாக்கி, கைப்பற்றிய குதிரைகளுள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைச் சுட்டுக் கொன்றது. குதிரையில்லாத கொமாஞ்சி கடலில்லாத மீனவனைப் போன்றவன். அதன்பின் அவர்களால் நெடுங்காலம் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1877 மார்ச்சில் யெலோ ஹவுஸ் பள்ளத்தாக்கில் எருமை வேட்டைக்காரர்களுக்கும் கொமாஞ்சிக் குழுவொன்றுக்கும் இடையே ஒரு சண்டை நடந்தது. அந்த மேட்டுநிலத்தில் நடந்த கடைசி மோதல்களுள் அது ஒன்று.

அந்த இடத்தில் 1890இல் ஒரு சிற்றூர் எழுந்தது. அதன் பெயர் லபொக்.

*

சார்ள்ஸ் ஹார்டின் ஹொலி என்ற படி ஹொலி, அந்த லபொக்கில் 1936 செப்டெம்பர் 7ஆம் திகதி பிறந்தார். நான்கு பிள்ளைகளுள் கடைசி. கண்ணாடி அணிந்த, ஒல்லியான பையன். வீட்டில் எல்லோருக்கும் இசையில் நாட்டமிருந்தது. கிராமிய இசையில் தொடங்கியவர், வானொலியில் கேட்ட கறுப்பின மக்களின் தாள இசையாலும், 1955இல் லபொக்குக்கு வந்து பாடிய எல்விஸ் பிரெஸ்லியாலும் திசை மாறினார்.

1956 கோடையில், லபொக்கின் திரையரங்கொன்றில் 'த சேர்ச்சர்ஸ்' ஓடியது. ஹொலியும், அவரது நண்பர்களான ஜெரி அலிசன், சொனி கேர்ட்டிஸ் ஆகியோரும் போய்ப் பார்த்தார்கள். ஹொலிக்கு அப்போது 19 வயது, அலிசனுக்கு 16. வெளியே வந்தபோது ஜோன் வெய்னின் அந்த வாசகம் அவர்களுடைய வாயில் ஒட்டிக்கொண்டது. எதைக் கேட்டாலும் அதையே பதிலாகச் சொல்லித் திரிந்தார்கள். நாங்களும் பெயர் வாங்குகிற ஒரு பாட்டு எழுத வேண்டும் என்று ஹொலி சொல்ல, அலிசன் அதே வாசகத்தைக் கிண்டலாகச் சொன்னார் என்றும், அதிலிருந்தே பாட்டுப் பிறந்தது என்றும் ஒரு கதை வழங்கி வருகிறது.

படம் பார்த்துவிட்டுக் கதாநாயகனின் வசனத்தைப் பேசித் திரிவது எந்த ஊர்ப் பையன்களுக்கும் பொதுவான வழக்கம். நம்மூரிலும் 'சிவாஜி' போலப் பேசாத வாலிபர் யார்? ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்தப் பையன்கள் பார்த்தது தூர தேசத்துக் கதையை அல்ல. தங்கள் காலடி மண்ணின் கதையை. கடைசிச் சண்டை நடந்து எண்பது வருடங்கள்கூட ஆகாத நிலத்தின் மீது, குளிர்ச்சியான இருட்டறையில் உட்கார்ந்து, வேறொரு மாநிலத்தில் வேறோர் இனத்தவரை வைத்து எடுத்த சித்திரத்தை அவர்கள் பார்த்தார்கள். வெளியே வந்தபோது எடுத்துவந்தது ஒரு வாசகத்தை மட்டுமே.

*

பாட்டிலே அந்த வாசகம் என்னவாயிற்று? என்னை விட்டுப் போய்விடுவேன் என்று பயமுறுத்தும் காதலிக்கு ஒரு வாலிபன் சொல்லும் பதிலாயிற்று. வெளிப்பார்வைக்கு அதே மிடுக்கு. ஆனால் அடியிலே ஒரு நடுக்கம். நீ போகும் நாள் நான் சாகும் நாள் என்ற கருத்தைப் பல்லவி ஒளித்துவைத்திருக்கிறது. படத்தில் மரணத்தைச் சபித்தவனுக்குப் பதிலாக வந்த சொல், பாட்டில் தன் மரணத்தையே ஒப்புக்கொள்ளும் சொல்லாகிறது. ஈதனின் வாயில் அது மூடிய கதவு. ஹொலியின் தொண்டையில் அது அரைவாசி திறந்துவிடுகிறது. எழுதியவர்கள் இதைத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. பகைக்கெனப் பழகிய சொல்லைப் பயந்த பையனொருவனின் வாயில் வைத்தால் அது தானாகவே குணம் மாறிவிடும்.

பாட்டு உடனே வெற்றி பெறவுமில்லை. 1956 ஜூலை 22ஆம் திகதி நஷ்வில் நகரில் டெக்கா நிறுவனத்துக்காக, ஓவன் பிரட்லியின் கூடத்தில் முதலில் பதிவாகியது. கிராமிய இசையின் சாயலோடு, உயர்ந்த சுருதியில் பாடவைத்தார்கள். பாட்டு எடுபடவில்லை. நிறுவனம் அதை வெளியிடவுமில்லை. 1957 தொடக்கத்தில் ஹொலியின் ஒப்பந்தத்தையும் புதுப்பிக்கவில்லை. அத்தோடு, டெக்காவுக்காகப் பாடியவற்றை ஐந்து வருடங்களுக்கு வேறெங்கும் பதிவுசெய்யக் கூடாது என்ற நிபந்தனை வேறு.

லபொக்கிலிருந்து சுமார் 100 மைல் தொலைவில், நியூமெக்ஸிகோ மாநிலத்தின் குளோவிஸ் என்ற சிற்றூரில் நோர்மன் பெட்டி ஓர் ஒலிப்பதிவுக்கூடம் நடத்தி வந்தார். அவர் மணிக்கணக்கில் காசு வாங்குவதில்லை, பாட்டுக் கணக்கில்தான். வசதியற்ற வாலிபர்களுக்கு அது பெரிய உபகாரம். 1957 பெப்ரவரி 25ஆம் திகதி அங்கு பாட்டு மீண்டும் பதிவாகியது. சுருதி இறங்கியது, தாளம் இறுகியது. ஒப்பந்தச் சிக்கலைத் தவிர்க்க ஹொலியின் பெயரை மறைத்து, 'த கிரிக்கெட்ஸ்' என்று குழுவுக்குப் பெயரிட்டார்கள். சில்வண்டுகள் என்று பொருள். மே 27ஆம் திகதி பிரன்ஸ்விக் நிறுவனம் இசைத்தட்டை வெளியிட்டது. அந்த பிரன்ஸ்விக், டெக்காவுக்கே சொந்தமான நிறுவனம் என்பதுதான் வேடிக்கை. வாசல் வழியாகத் துரத்தப்பட்ட பாட்டு, கொல்லைப்புறத்தால் அதே வீட்டுக்குள் நுழைந்தது.

இசைத்தட்டில் ஆக்கியோர் பெயர்கள் மூன்று இருந்தன: அலிசன், ஹொலி, பெட்டி. பாட்டு நஷ்விலில் முதன்முறை பதிவாகி ஏழு மாதங்களுக்குப் பின்னரே பெட்டியின் கூடத்துக்கு வந்தது என்பதை நினைவிற்கொண்டால், மூன்றாவது பெயர் எவ்வாறு ஏறியது என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். கூடத்தின் சொந்தக்காரர் ஆக்கத்தில் பங்கு கேட்பது அக்காலத்து வழமை. எழுதுபவனின் வறுமை எங்கும் ஒன்றுதான்.

1957 செப்டெம்பர் 23ஆம் திகதிய பில்போர்ட் விற்பனைப் பட்டியலில் பாட்டு முதலிடத்தைப் பிடித்தது. நவம்பரில் பிரித்தானியாவிலும் மூன்று வாரங்கள் முதலிடம். இதற்கிடையில், ஓகஸ்டில் நியூயோர்க்கின் ஹார்லெமில் கறுப்பின மக்களின் புகழ்பெற்ற அப்பலோ அரங்கில் கிரிக்கெட்ஸ் பாடினார்கள். குரலைக் கேட்டுக் கறுப்பர்கள் என்று எண்ணியே அழைத்தார்கள் எனப் பலரும் எழுதியுள்ளனர். கலப்பைக் கண்டு கொலைக்குத் துணிந்த ஒருவனின் வாசகம், கேட்பவருக்கு எந்த இனம் என்று பிரித்தறிய முடியாத குரலில் ஒலித்தது. மறு வருடம் ஓகஸ்டில் ஹொலி மணந்துகொண்டதும் புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்த மரியா எலெனா சன்டியாகோவைத்தான். திருமணம் நடந்ததோ லபொக்கில்.

*

1958 மார்ச்சில் கிரிக்கெட்ஸ் பிரித்தானியாவில் சுற்றுலா சென்றார்கள். அவ்வருடம் லிவர்பூல் நகரின் கென்சிங்டன் பகுதியில், பேர்சி பிலிப்ஸ் என்பவரின் வீட்டோடு சேர்ந்த சிறிய கூடத்தில், 'த குவாரிமென்' என்ற பெயருடைய வாலிபர் குழுவொன்று சொந்தக் காசில் ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்தது. அதன் ஒரு பக்கத்தில் இப்பாட்டு. பாடியவர் ஜோன் லெனன். கூட இருந்தவர்கள் போல் மெக்கார்ட்னி, ஜோர்ஜ் ஹரிசன். பின்னாளில் உலகையே ஆட்டிவைத்த பீட்டில்ஸ் குழுவினரின் முதற்பதிவு இதுதான். அக்குழு தன் பெயரைப் பூச்சியினத்திலிருந்து எடுத்துக்கொண்டதற்கும் கிரிக்கெட்ஸே முன்னுதாரணம். அந்த ஒரேயொரு பிரதி நெடுங்காலம் பழைய தோழரொருவரிடம் கிடந்து, 1981இல் மெக்கார்ட்னியிடம் வந்தது. 1995இல் உலகம் அதைக் கேட்டது. அதே லிவர்பூலிலிருந்து வந்த இன்னொரு குழு, 'த சேர்ச்சர்ஸ்' என்று அந்தப் படத்தின் பெயரையே சூடிக்கொண்டது. 1973இல் பிரித்தானியாவில் வெளிவந்த ஒரு திரைப்படத்துக்குப் பாட்டின் தலைப்பே பெயராயிற்று. படத்திலிருந்து பிறந்த பாட்டு மீண்டும் படமொன்றுக்குப் பெயர் கொடுத்தது.

இவற்றில் எதையும் ஹொலி பார்க்கவில்லை. 1958 இறுதியில் பெட்டியை விட்டுப் பிரிந்தார். உழைத்த பணம் கைக்கு வராத நிலையில், கடுங்குளிரில் இசைச் சுற்றுலாவொன்றுக்கு ஒப்புக்கொண்டார். 1959 பெப்ரவரி 3ஆம் திகதி அதிகாலை, அயோவா மாநிலத்தின் கிளியர் லேக் அருகே அவர் சென்ற சிறிய விமானம் விழுந்து நொறுங்கியது. ரிச்சி வலென்ஸ், ஜே. பி. ரிச்சர்ட்சன் ஆகிய பாடகர்களும் விமானியும் அவரோடு மாண்டனர். ஹொலிக்கு வயது 22. பாட்டு முதலிடம் பெற்று ஒன்றரை வருடமும் ஆகியிருக்கவில்லை. 1971இல் டொன் மக்லீன் அந்த மரணத்தை நினைத்து 'அமெரிக்கன் பை' பாடியபோது, ஜோன் வெய்னின் அந்த வாசகம் உருமாறி ஒப்பாரிக்குள்ளும் புகுந்தது. அலட்சியம் காதலாகி, காதல் மரணச் செய்தியாகி முடிந்தது.

*

பாட்டை எழுதிய பையன்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. பதின்ம வயதில் சினிமா பார்த்துவிட்டு வந்தவர்களிடம் வரலாற்று நீதியை எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஒருவகையில் அவர்கள் அந்தச் சொல்லுக்கு நன்மையே செய்தார்கள். கொலைக்குத் துணை நின்ற வாசகத்தை மனிதர்கள் ஆடிப்பாடும் வாசகமாக்கினார்கள். கலை சில வேளைகளில் அப்படிக் கழுவிக் கொடுக்கும்.

ஆனால் கழுவும்போது அழுக்கோடு வேறொன்றும் போய்விடுகிறது. சொல் யாருக்கு எதிராகச் சொல்லப்பட்டதோ, அவர்கள் மறைந்துவிடுகிறார்கள். படத்தில் கொமாஞ்சிகள் வேறோர் இனத்தவரின் முகத்திலாவது இருந்தார்கள். பாட்டில் அதுவுமில்லை. முதலில் நிலம் போனது, பிறகு முகம் போனது, கடைசியில் அவர்கள் இருந்தார்கள் என்ற ஞாபகமும் போனது. இதில் எவருடைய சதியுமில்லை. மறதி என்பது பெரும்பாலும் இப்படித்தான், இனிமையாகவே நடந்தேறுகிறது. வெளியேற்றப்பட்டவர்களின் ஊரில் பிறர் பாடும் நல்ல பாட்டைப் போல.

லபொக் நகரில் 1980இல் படி ஹொலிக்குச் சிலை வைத்தார்கள். பழைய புகையிரத நிலையக் கட்டிடமொன்றில் 1999இல் அவர் பெயரால் ஒரு நிலையமும் திறந்தார்கள். 2005ஆம் ஆண்டின் தெரிவாகக் காங்கிரஸ் நூலகம் அந்தப் பாட்டையும் தேசிய ஒலிப்பதிவேட்டில் சேர்த்தது. அதே நகரில் யெலோ ஹவுஸ் பள்ளத்தாக்கையொட்டி ஒரு பெரிய பூங்கா இருக்கிறது. பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பூங்காவின் பெயர் மெக்கென்ஸி. ஆயிரம் குதிரைகளைச் சுடுவித்த அதே கேணலின் பெயர்தான்.

பாடகனுக்குச் சிலை, படைத் தளபதிக்குப் பூங்கா. இரண்டுக்கும் இடையில், ஒரு காலத்தில் அந்த வெளி முழுவதையும் குதிரையில் கடந்தவர்களைப் பற்றி அந்தப் பாட்டு ஒன்றும் சொல்வதில்லை. அதைச் சொல்ல வேண்டியது பாட்டைக் கேட்டு ரசித்த நாம்தான்.